செல்போனில் பார்த்த தொழிற்சாலை

சீவலப்பேரி பக்கம் எனக்கு ஒரு சின்ன அரிசி ஆலை. கறுத்த அரிசி கலந்திருக்கிறது என்று வண்ணார்பேட்டைக் கடைக்காரர்கள் மூட்டைகளைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் நேராகவே கேட்டார்: "அண்ணாச்சி, இத ஒங்க வீட்ல பொங்குவீங்களா?" எனக்குக் கோபம்தான் வந்தது.

கறுத்த அரிசியைக் கேமராவில் கண்டுபிடித்துக் காற்றால் ஊதித் தள்ளும் இயந்திரம் இருக்கிறது. கலர் சார்ட்டர் என்பார்கள். அது வந்தால் ஆலை ஓடும், இல்லையென்றால் பூட்ட வேண்டியதுதான். சீனாவில் ஒரு கம்பெனியின் விலை எனக்குக் கட்டுப்படியானது. ஆனால் என் பக்கத்து ஆலைக்காரர் படத்தை மட்டும் பார்த்து வேறொரு இடத்தில் வாங்கியவர். பெட்டியைப் பிரித்தால் உள்ளே துருப்பிடித்த பழைய இரும்பு. அதைக் கண்ணால் பார்த்த பிறகு யாரையும் நம்புவதாக இல்லை நான்.

காயல்பட்டினத்து நண்பர் ஒருவர் சீனாவில் பல வருடம் வியாபாரம் செய்தவர், அந்த மொழி பேசுவார். அண்ணனை அந்த ஊரில் காக்கா என்பார்கள், நானும் அப்படித்தான் அவரைக் கூப்பிடுவேன். ஆலைக்கு வரச் சொன்னேன்.

"அவங்க அனுப்புத படமெல்லாம் வேண்டாம் வே," என்றார். "வெளி கேட்டுல இருந்து போனைக் கட் பண்ணாம நடந்து வரட்டும். எங்கன காட்டணும்னு நாமதான் சொல்லணும்."

என் போனில் வீடியோ அழைப்பு போட்டோம். விற்பனைப் பிரிவுப் பெண் கேட்டில் நின்றிருந்தாள். காக்கா விஷயத்தைச் சொன்னதும் விறுவிறுவென்று நடந்தாள். சுவர், கூரை, தரை எல்லாம் ஓடின. பெயர்ப்பலகையைப் படிக்கக்கூட முடியவில்லை. நான் கத்தினேன்: "பைய! பைய!"

அவள் சிரித்துக் கையாட்டினாள். அழைப்பு நின்றது.

சிக்னலாக இருக்கும் என்றார் காக்கா. மறுபடி போட்டோம். மறுபடி ஓடினாள், மறுபடி கத்தினேன், மறுபடி நின்றது.

"பாத்தீரா காக்கா, பலகையக் காட்டச் சொன்னா ஓடிட்டா! களவாணிக் கூட்டம்!"

காக்கா தடுப்பதற்குள் அதையே மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு அவளுக்கு அனுப்பியும் விட்டேன்.

அவர் என்னையே பார்த்தார். "நீரு என்ன வே கத்துனீரு?"

"பைய நடக்கச் சொன்னேன்."

"அட கோட்டிக்காரரே! 'பைய'ன்னா மெதுவான்னு நமக்குல்லா தெரியும்! அவ காதுல 'பை பை'ன்னுல்லா விழுது. நீரே போய்ட்டு வாரேன்னா, அவ வைக்காம என்ன செய்வா?"

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மூன்றாவது முறை அவள் எடுத்தபோது சிரிப்பு இல்லை. காக்கா நீளமாக ஏதோ விளக்கினார். என்னைக் காட்டித் தலையில் அடித்துக்கொண்டார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அதன்பின் நிதானமாக நடந்தாள். பலகையில் இருந்த பெயர் சரி என்றார் காக்கா. நான் முன்பே கூரியரில் அனுப்பியிருந்த என் அரிசியை, பையில் என் கையெழுத்து தெரிய, கேமராவுக்கு முன்னாலேயே பிரித்து இயந்திரத்தில் கொட்டினாள். ஒரு குழாயில் வெள்ளை இறங்கியது, இன்னொன்றில் கறுப்பு. அப்போதும் எனக்கு முழு நம்பிக்கை வரவில்லை. யாருடைய இயந்திரத்திலும் கொட்டிக் காட்டலாமே!

அப்போது அவள் காக்காவிடம் ஏதோ கேட்டாள்.

"வாங்குதவங்களும் ஏமாத்துதாங்களாம் வே. ஒம்ம ஆலையக் காட்டச் சொல்லுதா."

சுருக்கென்றது. ஆனாலும் நியாயம். போனைத் தூக்கிக்கொண்டு தவிட்டுத் தூசிக்குள் நடந்தேன். இயந்திரம் வைக்கப்போகும் இடம் வந்ததும் நிற்கச் சொன்னாள். தரையைக் காட்டச் சொன்னாள். குனிந்து காட்டினேன். அவள் குரல் மாறியது.

"தரை வெடிச்சிருக்காம். அரவை மெஷின் ஓடுனா அதிருமாம். அதிர்ந்தா அரிசியச் சரியாப் பிரிக்காதாம். புதுசா காங்கிரீட் போட்டு, நல்லா இறுகுன பெறகு வீடியோவுல காட்டணுமாம். அதுவரைக்கும் மெஷினக் கப்பல்ல ஏத்த மாட்டாளாம்."

பத்து வருடமாக அந்த வெடிப்பைத் தாண்டித்தான் நடந்துகொண்டிருந்தேன். என்னை ஏமாற்ற வந்தவளாக இருந்தால், என் தரை எப்படிப் போனால் அவளுக்கு என்ன?

"சரின்னு சொல்லும் காக்கா," என்றேன். மறுநாள் காலையில் கொத்தனார் வந்து பழைய தரையை உடைக்க ஆரம்பித்தார்.