பத்து நாள் மருந்து

என் தம்பிக்கு ஆறு வயதில் தொண்டை வலி வந்தது. அதற்கு டாக்டர் எழுதித் தந்த மருந்தை எப்படிக் கொடுக்க வேண்டும் என்று மருந்துக்கடைக்காரர் சொன்னது என்னிடம். எனக்கு அப்போது ஒன்பது வயது. கேட்டதைக் கேட்டபடி ஒரு சொல் பிசகாமல் திருப்பிச் சொல்கிற பிள்ளை என்று வகுப்பில் பேர் வாங்கியிருந்தேன். அந்தப் பேரை நம்பித்தான் அம்மா என்னைக் கடை முன்னால் நிறுத்திவிட்டுப் போனாள்.

நாங்கள் கல்லிடைக்குறிச்சியில் இருந்தோம். அப்பா வைக்கோல் லாரி ஓட்டிக்கொண்டு கேரளாவுக்குப் போவார். வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் இருந்தால் பெரிது. அம்மா வீட்டிலேயே அப்பளம் இட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்த வருடம் ஆடி அமாவாசைக்குத் தூத்துக்குடியிலிருந்து சித்தி வருவதாகவும், எல்லோருமாகப் பாபநாசம் போய்க் குளிப்பதாகவும் ஏற்பாடு. அப்பா அதற்காக ஒரு நடையை வேறு டிரைவருக்கு விட்டுக்கொடுத்திருந்தார். ஆற்றில் மிதப்பதற்கு லாரி டியூப் ஒன்றை ஒட்டுப்போட்டுக் கொண்டுவருகிறேன் என்று என்னிடம் சொல்லியிருந்தார். நான் அந்த டியூபைப் பற்றி வகுப்பில் எல்லோரிடமும் சொல்லி முடித்திருந்தேன்.

அமாவாசைக்கு ஒரு வாரம் இருக்கும்போது தம்பி எச்சில்கூட விழுங்க முடியாமல் அழுதான். உடம்பு அனலாய்க் கொதித்தது. அம்மா மாவை ஈரத்துணி போட்டு மூடிவிட்டு அவனைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினாள். நான் பின்னால் போனேன். டாக்டர் அவன் நாக்கைக் குச்சியால் அழுத்தி வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்து, தொண்டையில் சீழ் பிடித்திருக்கிறது என்று சொல்லி மருந்து எழுதினார். அடுத்த கட்டிடத்தில் மருந்துக்கடை. அங்கே சீட்டை நீட்டிய நேரத்தில் தம்பி அம்மாவின் தோளிலேயே வாந்தி எடுத்துவிட்டான்.

"ஏட்டி, அண்ணாச்சி சொல்லுதத நல்லா கேட்டுக்க. நான் இவனக் கழுவிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு அம்மா தெருமுனைக் குழாயடிக்குப் போனாள்.

மருந்துக்கடை அண்ணாச்சி கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"எத்தனாவது படிக்க?"

"நாலாப்பு."

"அப்பம் சரி. நான் சொல்லுதத அப்படியே அம்மாட்ட சொல்லணும், என்ன?"

இரண்டு சிறிய பாட்டில்களை எடுத்து வைத்தார். உள்ளே வெறும் பொடிதான் இருந்தது. தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்து, பாட்டிலில் இருக்கும் கோடுவரை ஊற்றிக் குலுக்க வேண்டும். குலுக்கினால் மட்டம் இறங்கும். மறுபடி கோடுவரை ஊற்ற வேண்டும். கொடுக்கும்போதெல்லாம் குலுக்கிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மருந்து அடியில் தங்கிவிடும். வீட்டுக் கரண்டியில் ஊற்றக் கூடாது; கூட வருகிற மூடியில் அளவு போட்டிருக்கிறது, அதில் இந்தக் கோடுவரை காலையில் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை. ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டு என்னைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். சொன்னேன். அவருக்கு ஒரே சந்தோஷம்.

"கெட்டிக்காரி. இன்னும் ஒண்ணே ஒண்ணு. இதான் முக்கியம். மருந்து பத்து நாளைக்கு. மூணு நாள்ல காய்ச்சல் விட்டுரும், பய ஓட ஆரம்பிச்சிருவான். அப்பமும் நிறுத்தக் கூடாது. மொத பாட்டில் அஞ்சு நாளைக்கு. ஆறாம் நாள் ரெண்டாவதக் கலக்கணும். பத்து நாளும் ஆத்துப் பக்கம் விட்டுராதீங்க, பச்சத்தண்ணி ஆவாது. சொல்லிருவியா?"

தலையாட்டினேன். அதை மட்டும் அவர் திருப்பிச் சொல்லச் சொல்லவில்லை. வேறு ஆள் வந்துவிட்டது.

நான் அங்கேயே விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். அமாவாசை ஏழாம் நாள் வந்தது.

வீட்டுக்கு நடக்கும்போது அம்மா கேட்டாள். தண்ணீர், கோடு, குலுக்குவது, மூடி எல்லாம் ஒப்பித்தேன். தம்பி அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான்.

"எத்தன நாளைக்குக் குடுக்கணுமாம்?"

"காய்ச்சல் நிக்கிற வரைக்குமாம்."

"அப்பம் எதுக்கு ரெண்டு பாட்டில்?"

"நிக்காட்டா இன்னொண்ணாம்."

இவ்வளவு சுலபமாக அது என் வாயில் வந்தது இன்றுவரைக்கும் எனக்கு ஆச்சரியம். அம்மா பாட்டில்களைத் திருப்பிப் பார்த்தாள். அதில் இருந்ததெல்லாம் பொடிப்பொடி இங்கிலீஷ். அவள் எட்டாவதுவரை தமிழில் படித்தவள். என் முகத்தைப் பார்த்துச் சரியென்று தலையசைத்தாள்.

மருந்து கொடுப்பதில் அவள் ஒரு குறையும் வைக்கவில்லை. தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆறியபிறகு பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, கோட்டுக்கு ஒரு சொட்டு கூடக் குறைய இல்லாமல் ஊற்றினாள். வெள்ளைப் பொடி இளஞ்சிவப்பாக மாறி ஆரஞ்சு மிட்டாய் வாசம் வந்தது. தம்பி பல்லைக் கடித்துக்கொள்வான். அவள் அவனை மடியில் சாய்த்து, கன்னத்தோரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, முழுங்கும்வரை பேச்சுக் கொடுத்துக்கொண்டிருப்பாள்.

மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. நான்காம் நாள் காலையில் தம்பி அப்பளம் காயப்போட்ட பாயைச் சுற்றி ஓடினான். அம்மா அவன் கழுத்தில் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, முதல் பாட்டிலில் மிச்சம் இருந்ததை அலமாரி மேல் தட்டில் வைத்தாள். இரண்டாவது பாட்டில் பிரிக்காமலே இருந்தது. எனக்குப் பயமாக இருந்தது என்று சொல்ல ஆசைதான். ஆனால் பயம் எதுவும் இல்லை. அண்ணாச்சி சொன்னபடியே காய்ச்சல் விட்டது, அவர் சொன்னபடியே அவன் ஓடுகிறான், இனி மருந்து எதற்கு என்றுதான் நினைத்தேன்.

அமாவாசைக்கு முந்தின நாள் சித்தி வந்தாள். அவள் மகளுக்கு மூக்கு ஒழுகி லேசாக உடம்பு சுட்டது. "இங்கன ஒரு மருந்து கெடக்கு, பொடியாத்தான் இருக்கு. தம்பிக்கு மூணே நாள்ல கேட்டுச்சு. கொண்டு போ" என்று அம்மா இரண்டாவது பாட்டிலை அவளிடம் கொடுத்தாள். அக்காளுக்குத்தான் எவ்வளவு கை தாராளம் என்று சித்தி சொல்லிக்கொண்டாள். அந்தப் பிள்ளைக்கு வந்தது வெறும் சளி. மருந்து இல்லாமலே போயிருக்கும்.

பாபநாசத்தில் அன்று இடுப்பளவு தண்ணீர் ஓடியது. அப்பா சொன்னபடி டியூப் கொண்டுவந்திருந்தார். என்னையும் தம்பியையும் அதன்மேல் உட்காரவைத்துப் படித்துறை ஓரமாகவே இழுத்துக்கொண்டு போனார். தம்பி கால்களால் தண்ணீரை அடித்துக் கத்தினான். மலைப்பக்கமிருந்து சாரல் வந்து முகத்தில் விழுந்தது. கரையில் அம்மாவும் சித்தியும் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்துவைத்துக்கொண்டு எங்களைக் கூப்பிட்டார்கள். நாங்கள் போகவில்லை. என் சின்ன வயதில் அதைவிடச் சந்தோஷமான நாள் ஒன்று எனக்கு ஞாபகமில்லை. அதை இப்போது யாரிடமும் சொல்ல முடிவதில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் தம்பி, "முட்டு வலிக்கு" என்றான். வலது முட்டு வீங்கிச் சிவந்து கிடந்தது. எங்கோ விழுந்திருப்பான் என்று அம்மா எண்ணெய் தடவினாள். மறுநாள் அது வற்றி இடது கணுக்கால் வீங்கியது. அதற்கடுத்த நாள் மணிக்கட்டு. போர்வை பட்டால்கூட அலறினான். நான்கைந்து நாளில் படுத்திருக்கும்போதே அவனுக்கு மூச்சு வாங்கியது. அப்பா கேரளாவிலிருந்து பாதியில் திரும்பி வந்தார். திருநெல்வேலியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

அங்கே ஒரு பெண் டாக்டர் அவன் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு, கொஞ்ச நாள் முன்னால் தொண்டை வலி வந்ததா என்று கேட்டார்.

"வந்துச்சு டாக்டர். மருந்து குடுத்தோம், கேட்டுச்சு."

"எத்தனை நாள் குடுத்தீங்க?"

அம்மா பதில் சொல்வதற்கு முன்னால் நான் கட்டிலின் இரும்புக் காலைப் பிடித்துக்கொண்டேன்.

"மூணு நாளு. காய்ச்சல் நின்னுட்டுன்னு நிறுத்திட்டேன்."

டாக்டர் கோபப்படவில்லை. மூன்று நாளில் காய்ச்சல்தான் போகும், கிருமி முழுதாகப் போகாது என்றார். மிச்சம் இருக்கும் கிருமியோடு உடம்பு போடுகிற சண்டையில் சில பிள்ளைகளுக்கு மூட்டும் இதயமும் மாட்டிக்கொள்கிறது. மூட்டு சரியாகிவிடும், இதயத்தில் ஒரு வால்வு கெட்டிருக்கிறது. மறுபடி தொண்டையில் அந்தக் கிருமி வராமலிருக்க மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி, வருடக்கணக்கில் போட வேண்டும். "எல்லாப் பிள்ளைக்கும் இப்படி ஆகறதில்லம்மா" என்று கடைசியில் சொன்னார். அது ஆறுதலுக்குச் சொன்னதா என்று எனக்குத் தெரியவில்லை.

ஆனால் எங்கள் சொந்தத்தில் யாரும் மருந்தைப் பற்றிப் பேசவில்லை. ஆற்றுத் தண்ணீர்தான் பிள்ளைக்குச் சேரவில்லை என்று அப்பாவின் அக்கா முடிவுகட்டினாள். "காச்சல்ல கெடந்த புள்ளயத் தூக்கிட்டுப் போயி தண்ணியில போட்டிருக்கா, இவள்லாம் ஒரு தாயி!" என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று நாலு பேர் கேட்கச் சொன்னாள். அம்மா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு நின்றாள். டியூபில் எங்களை இழுத்துக்கொண்டு போனவர் அப்பா. அவரும் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு நாங்கள் பாபநாசம் போகவே இல்லை.

இடையில் ஒருநாள் அம்மா துணிமணி எடுக்க ஊருக்குப் போய்விட்டுச் சாயங்காலம் திரும்பி வந்தாள். வந்ததும் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தலை பின்னிவிட்டாள். வழக்கத்தைவிடப் பைய, சிக்கு எடுக்கும்போது வலிக்காமல் பின்னினாள். பாதியில் அவள் கை நின்றது. ஏதோ சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். "பசிக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

அதற்கப்புறம் மூன்று வாரத்துக்கு ஒரு தடவை அந்த ஊசி. இடுப்பில் போடுவார்கள், இரண்டு நாள் நொண்டுவான். ஊசி நாளில் மழை பெய்தாலும் பந்த் என்றாலும் அம்மா அவனைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். சித்தி வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குக்கூட அவள் போகவில்லை. அன்று ஊசி நாள். பள்ளிக்கூடத்தில் அவனை ஓட விடமாட்டார்கள். அவன் ஒருநாளும் அதற்காக அழுததில்லை. நான் ஓட்டப்பந்தயத்துக்குப் பேர் கொடுக்காமல் இருந்ததை மட்டும், "நீ ஏன் ஓடல? உனக்கு என்ன?" என்று கேட்டுச் சண்டை போட்டான்.

இப்போது அவனுக்கு இருபத்தாறு வயது. அம்பாசமுத்திரத்தில் செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறான். பதினேழு வயதில் மதுரையில் நெஞ்சைப் பிளந்து, கெட்டுப்போன வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு வைத்தார்கள். சத்தமில்லாத இடத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் கைக்கடிகாரம் மாதிரி டிக் டிக் என்று கேட்கும். இரத்தம் உறையாமலிருக்க ஆயுசு முழுக்க மாத்திரை. அதை வேளை தவறாமல் போடுகிறான். அந்தப் பழக்கம் அம்மாவிடமிருந்து வந்தது.

அந்த ஆபரேஷன் நடந்த காலையில்தான் நான் அம்மாவிடம் சொன்னேன். அவனை உள்ளே தள்ளிக்கொண்டு போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம். அப்பா இரத்தம் கொடுக்கப் போயிருந்தார். பதினொரு வருடமாகத் தொண்டைக்குள் கிடந்ததை நான் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். பத்து நாள் என்று அண்ணாச்சி சொன்னதை, நான் மாற்றிச் சொன்னதை, டியூபை, எல்லாவற்றையும்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆபரேஷன் அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும்" என்றாள்.

"எப்படிம்மா?"

"அன்னைக்குத் துணி எடுக்க ஊருக்குப் போனேன்லா. கடையில போயி அண்ணாச்சிட்ட சண்ட போட்டேன், ஏன் சொல்லலன்னு. ஒம் மவகிட்ட சொன்னனேம்மான்னு அழுதுட்டாரு மனுசன்."

 அவளே மேலும் சொன்னாள்.

"ஒம்பது வயசுப் புள்ளகிட்ட விட்டுட்டுப் போனது யாரு? நான்லா திரும்பிப் போயி ஒரு வார்த்த கேட்டிருக்கணும். பத்தடி நடந்திருந்தா போதும். நடக்கலியே."

"அத்தை அன்னைக்கு அவ்வளவு பேசினாளே. என்னைக் காட்டி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லிட்டா? நாளைக்கு ஒன்ன எல்லாரும் தம்பியக் கெடுத்தவ இவதான்னுல்லா பேசுவாவ. எனக்கு இருக்கது ரெண்டு புள்ள" என்றாள். பிறகு, "அப்பா வாராவ, மூஞ்சியத் தொடச்சிக்க" என்றாள்.

ஆஸ்பத்திரியில் அம்மா தலை பின்னிவிட்ட அன்று ராத்திரி நான் நிம்மதியாகத் தூங்கினேன். அவள் அடிக்கவில்லை, திட்டவில்லை. ஆகவே அவளுக்குத் தெரியாது, நான் தப்பித்துவிட்டேன் என்று நம்பினேன். எல்லாம் தெரிந்த பிறகும் ஒருத்தி தன் பிள்ளையின் தலையை வலிக்காமல் பின்னிவிட முடியும் என்பது அந்த வயதில் எனக்குப் புரியவில்லை.