கார் பல்லக்கு ஏறிய சனிக்கிழமை

எண்பதுகளின் கடைசியில், கிழக்குத் தாம்பரத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டு வாசலில் நடந்தது இது. வாசல் என்றால் இன்றைய அளவில் நினைக்க வேண்டாம். கேட்டுக்கும் வீட்டுப் படிக்கும் நடுவில் ஒரு லாரியே நிற்கலாம். அங்கே லாரிக்குப் பதிலாக என் வீட்டுக்காரரின் ஹெரால்டு கார் நின்றுகொண்டிருந்தது.

அவருடைய ஆபீசில் ரிடையர் ஆன ஒருவர் தலையில் கட்டிவிட்டுப் போன கார் அது. கல்யாணமாகி வந்ததிலிருந்தே அதற்கும் எனக்கும் ஆகாது. மழை பெய்தால் உள்ளே குடை பிடிக்க வேண்டும். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு பள்ளத்தில் இறங்கினால் என் பக்கத்துக் கதவு தானாகத் திறந்து வழியனுப்பும். என் வீட்டுக்காரர் பெருங்களத்தூரிலிருந்து ஒரு வெல்டரை அழைத்து வந்தார். அவர் காருக்கு அடியில் படுத்து ஒரு ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்த்தார். அது இரும்புக்குள் சுலபமாக இறங்கிவிட்டது.

"சார், இதுக்கு மேல ஓட்டினீங்கன்னா பாடி ஒரு பக்கம் போவும், நீங்க ஒரு பக்கம் போவீங்க" என்றார் வெல்டர்.

இந்த மாதிரி பழைய கார்களில் நாம் உட்காரும் மேல்கூடு தனி, இஞ்சினும் சக்கரமும் பொருத்திய இரும்புச் சட்டம் தனி. மேலே இருப்பது பாடி, கீழே இருப்பது சேசிஸ். இரண்டையும் போல்ட் போட்டு இணைத்திருப்பார்கள். துரு தின்றது சேசிஸை. அதைச் சரிசெய்ய வேண்டுமானால் பாடியை அப்படியே தூக்கித் தனியாக வைக்க வேண்டும். ஒர்க் ஷாப்பில் சங்கிலி கட்டித் தூக்கிவிடுவார்கள், ஆனால் அங்கே விட்டால் பாதி சாமான் திரும்பி வராது என்று என் வீட்டுக்காரருக்கு ஒரு சந்தேகம். வீட்டிலேயே செய்வது என்று முடிவாகிவிட்டது. முருங்கை மரத்தில் கயிறு கட்டித் தூக்கலாமா என்று கேட்காததே என் பாக்கியம்.

அதன் பிறகு பல மாதங்கள் ஞாயிற்றுக்கிழமை என்பதே எங்கள் வீட்டில் இல்லை. அவர் ஒவ்வொன்றாகக் கழற்றுவார், நான் ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பேன். எந்த ஒயர் எதோடு சேரும் என்று தெரிவதற்காக என் பழைய புடவைகளைக் கிழித்து, ஜோடி ஜோடியாக ஒரே நிறத்தில் முடிச்சுப் போட்டார். ஸ்டியரிங், பிரேக் குழாய், பெட்ரோல் குழாய், சீட் எல்லாம் ஹாலுக்குள் வந்து குடியேறின. கதவு இருந்த இடத்தில் குறுக்கே கம்பி வைத்து வெல்ட் செய்தார்கள். அப்படிச் செய்யாமல் தூக்கினால் பாடி நடுவில் வாழை இலை போல மடங்கிவிடுமாம். சக்கரங்களைக் கழற்றி, சேசிஸின் நான்கு மூலைக்கும் செங்கல் அடுக்கி நிறுத்தினார். இரும்பு ஸ்டாண்டு வாடகைக்குக் கிடைக்கும் என்று வெல்டர் சொன்னார். செங்கல்தான் சும்மா கிடக்கிறதே என்றார் இவர். எனக்கும் அது சரியாகவே பட்டது.

தூக்குவதற்கு ஆள் வேண்டுமே! அதற்கு அவர் பிடித்தது எங்கள் பகுதிப் பெருமாள் கோவிலில் சாமி தூக்குகிறவர்களை. எட்டுப் பேர். ஒருவர் கொத்தனார், ஒருவர் மளிகைக் கடைக்காரர், மற்றவர்களும் அப்படி ஆளுக்கொரு வேலை. உற்சவம் என்றால் மட்டும் தோள் கொடுக்க வந்துவிடுவார்கள். கொத்தனார்தான் பல்லக்கின் முன் கொம்பு பிடிப்பவர், மற்றவர்களுக்குத் தலைவர் மாதிரி. அவர் வந்து காரைச் சுற்றிப் பார்த்தார்.

"சாமியவே தூக்கிகினு ஊரெல்லாம் சுத்தறோம். இது இன்னா சார், பொட்டி மாதிரி கீது" என்றார்.

அவர்களுக்குத் தெரிந்த முறையிலேயே ஏற்பாடு செய்தார்கள். பாடிக்கு அடியில் குறுக்கே இரண்டு கட்டைகளைச் செருகி, அவற்றோடு இரண்டு நீளமான சவுக்குக் கழிகளைக் கயிற்றால் இறுக்கினார்கள். முன்னால் நான்கு பேர், பின்னால் நான்கு பேர். அப்படியே பல்லக்குதான், சாமி மட்டும் இல்லை.

புரட்டாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை. அவருக்கு ஆபீஸ் லீவு. ஒன்பது மணிக்கு ராகு காலம் தொடங்கும், அதற்குள் தூக்கிவிட வேண்டும் என்று எட்டுப் பேரும் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள். காலில் ஷூ போட்டுக்கொள்ளுங்கள் என்று என் வீட்டுக்காரர் படித்துப் படித்துச் சொன்னார். அவர்களோ போட்டிருந்த செருப்பையும் கேட்டோரம் கழற்றிவிட்டு வந்தார்கள். கொம்பில் கை வைத்தால் வெறுங்கால்தான், அது பழக்கம். கழியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

தோளில் துண்டை மடித்துப் போட்டு, எட்டுப் பேரும் கழிக்கடியில் குந்தி உட்கார்ந்துவிட்டார்கள். ஒன்பது மணி நெருங்கிக்கொண்டிருந்தது. அப்போது என் வீட்டுக்காரருக்கு ஒரு சந்தேகம்.

"எதுக்கும் கடைசியா ஒரு தடவை பாத்துட்டு வந்துடறேன். நான் வெளியில வந்து சொன்னப்புறம் தூக்குங்க" என்று சொல்லிவிட்டுக் காருக்கு அடியில் நுழைந்தார்.

நான் படியில் நின்றிருந்தேன். அவருடைய கால் இரண்டும் மட்டும் வெளியே தெரிந்தன. "அட, இங்க ஒண்ணு பாக்கி இருக்கு" என்று உள்ளேயிருந்து குரல் கேட்டது. பின்பக்கம் இடது மூலையில் ஒரு போல்ட், தாரும் மண்ணும் அப்பி மறைந்து கிடந்திருக்கிறது. ஸ்பேனரை மாட்டும் சத்தமும் கேட்டது.

அந்த நேரத்தில் கேட்டுக்கு வெளியே ஒரு குரல்.

"வெங்கட்ரமணா... கோவிந்தா! கோவிந்தா!"

புரட்டாசிச் சனிக்கிழமைகளில் வீடு வீடாக அரிசி வாங்க வருவார்களே, அவர்களில் ஒருவர். மஞ்சள் வேட்டி, நெற்றி நிறைய நாமம், கையில் நாமம் போட்ட சொம்பு. திருப்பதிக்கு வேண்டிக்கொண்டவர்கள் அப்படி வாங்கிய அரிசியில்தான் பொங்கி வைத்துப் படைப்பார்கள். அவர் கேட்டோடு நின்று நல்ல கணீர்க் குரலில் கூப்பிட்டார். அதில் ஒரு தப்பும் இல்லை.

ஆனால் கோவிலில் சாமி தூக்கும்போது அடையாளமே அந்தச் சொல்தான். கோவிந்தா என்று குரல் எழுந்தால் கழிக்கடியில் குந்தியிருப்பவர்கள் எழுந்துவிடுவார்கள். யோசித்து எழுவதில்லை. வருஷக்கணக்காக அப்படியே பழகிய உடம்பு. எட்டுப் பேரும் ஒரே நேரத்தில், "கோவிந்தா!" என்று பதில் குரல் கொடுத்துக்கொண்டே எழுந்தார்கள்.

முன்பக்கம் அழகாக மேலே வந்தது. பின்பக்கம் வலது மூலையும் வந்தது. இடது மூலையில் அந்த ஒரு போல்ட் பிடித்துக்கொண்டதால், பாடியோடு சேர்ந்து சேசிஸும் கிளம்பியது. அடியிலிருந்த செங்கல் அடுக்கு சரிந்து அவர் மேலேயே விழுந்தது. இப்போது அந்த மூலைக்குக் கீழே தாங்கல் எதுவும் இல்லை. அவருடைய நெஞ்சுக்கு மேலே இரும்புச் சட்டம் அந்த ஒரு போல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

நான் பயந்து போனேன். "இறக்குங்க! கீழ இறக்குங்க!" என்று கத்தினேன். பக்கத்து வீட்டு மாடியிலிருந்து வேடிக்கை பார்த்தவர்களும் சேர்ந்து கத்தினார்கள். தூக்கியவர்கள் அப்போது இறக்கியிருந்தால் அந்தச் சட்டம் நேராக அவர் மேல்தான் இறங்கியிருக்கும். அதை யோசிக்கும் நிலையில் நாங்கள் யாரும் இல்லை.

ஆனால் எட்டுப் பேரும் இறக்கவில்லை. அசையக்கூட இல்லை. பாரம் முழுக்க இடது பக்கம் சாய்ந்து, பின்னால் நின்ற மளிகைக் கடைக்காரரின் கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டிருந்தது. அவர் கண்ணை மூடியபடி நின்றார்.

கேட்டுக்கு வெளியே நின்ற மனிதர் சொம்பை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தார். அரிசி வாசலெல்லாம் சிதறியது. அவர் ஒரு காலைப் பிடித்தார், நான் ஒரு காலைப் பிடித்தேன். இருவருமாக இழுத்தோம். என் வீட்டுக்காரர் ஒல்லி ஆள் கிடையாது. செங்கல்லோடும் மண்ணோடும் சரசரவென்று வந்து விழுந்தார். பனியன் முதுகில் கிழிந்து, தோலும் உரிந்திருந்தது. கையில் ஸ்பேனரை மட்டும் விடவில்லை. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "போல்ட் அரை சுத்து வந்துடுச்சு" என்றார். அவரை அறையலாம் என்று தோன்றியது. அதற்குப் பதிலாக அழுதேன்.

"யக்கா, அப்பால அழு. மூலைக்கு எதுனா முட்டு குடு!" என்று முன்னாலிருந்து கொத்தனார் குரல் கொடுத்தார்.

மிக்ஸி வந்த பிறகு பின்கட்டில் சும்மா கிடந்த அம்மிக்கல் ஞாபகம் வந்தது. நானும் சொம்புக்காரரும் அதைத் தூக்கி வந்தோம். சரிந்த செங்கல்லை மறுபடி அடுக்கி, அதன் மேல் அம்மியை வைத்து, கையைச் சட்டத்துக்கு அடியில் நீட்டாமல் ஒரு கட்டையால் தள்ளி உள்ளே நகர்த்தினோம். அதற்குப் பிறகுதான் கொத்தனார் "மெதுவா" என்றார். அவர் சொன்ன பிறகுதான் எட்டுப் பேரும் முழங்காலை மடக்கினார்கள்.

எல்லோரும் ஓய்ந்துபோய்த் தரையில் உட்கார்ந்தோம். நான் காபி போட்டுக் கொண்டுவந்தேன். நான் அப்படிக் கத்தியும் ஏன் இறக்கவில்லை என்று கேட்டேன். ஆபத்து தெரிந்துதான் நின்றார்களோ என்ற எண்ணத்தில் கேட்டேன்.

"எங்களுக்கு இன்னா தெரியும்? முன்னால நிக்கறவனுக்குப் பின்னால நடக்கறது தெரியாது" என்றார் கொத்தனார். "சாமி வர்றப்போ கூட்டத்துல ஆளாளுக்குக் கத்துவாங்கக்கா. அங்க நிறுத்து, இங்க எறக்குன்னு. நாங்க காதுலயே வாங்க மாட்டோம். நான் சொன்னாத்தான் எறக்கம்."

அதாவது, எந்தப் பழக்கம் என் வீட்டுக்காரரைச் சாகடிக்கப் பார்த்ததோ, அதே பழக்கம்தான் அவரைப் பிழைக்கவும் வைத்தது. இதை நினைத்து யாரைக் கோபித்துக்கொள்வது, யாரைக் கும்பிடுவது என்று எனக்குப் புரியவில்லை. கோபத்தை எல்லாம் காரின் மேல் காட்டிவிட்டேன்.

ராகு காலம் கழிந்ததும் மறுபடி தூக்கினார்கள். இம்முறை ஏற்பாடு என்னுடையது. அந்தப் போல்ட்டைக் கழற்றியாகிவிட்டது. ஒவ்வொரு மூலையாக நெம்பிப் பார்த்து, பாடி தனியாக அசைகிறது என்று தெரிந்துகொண்டோம். என் வீட்டுக்காரரைப் படியில் உட்கார வைத்தேன். காருக்கு அடியில் யாரும் இல்லை, ஒரு பூனைகூட இல்லை என்று நானே குனிந்து பார்த்தேன். கேட்டைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். அடையாளம் குரல் கிடையாது, கரண்டி. நான் எவர்சில்வர் தட்டில் கரண்டியால் தட்டினால் எழ வேண்டும், வேறு எது கேட்டாலும் கிடையாது. தட்டினேன். பாடி பூப்போல எழுந்து சேசிஸை விட்டுப் பிரிந்தது. கிணற்றோரம் போட்டிருந்த பழைய லாரி டயர்கள் வரைக்கும் தூக்கிப் போனார்கள். போகும்போது பழக்க தோஷத்தில், சாமியை ஆட்டுவது போல இரண்டு தரம் ஆட்டவும் செய்தார்கள். பக்கத்து வீட்டு அம்மா மாடியிலிருந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

சேசிஸுக்குப் புது இரும்பு வைத்து, பாடியைத் திரும்ப ஏற்றி, கார் ஓடத் தொடங்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. சிங்கப்பெருமாள் கோவில் வரைக்கும் சில முறை போய் வந்தோம். கதவு திறந்து வழியனுப்பவில்லை. தொண்ணூறுகளில் அதை விற்றுவிட்டார். எனக்குப் பெரிய வருத்தமில்லை.

சொம்புக்காரர் மட்டும் நிலைத்துவிட்டார். சேலையூர்ப் பக்கம் துணி வியாபாரம் செய்கிறவர் என்று பிறகு தெரிந்தது. அன்று சிதறிய அரிசிக்குப் பதிலாக ஒரு படி நிறையக் கொடுத்து அனுப்பினேன். அடுத்த புரட்டாசியிலும் வந்தார். அதற்கடுத்த புரட்டாசியிலும் வந்தார். தன்னோடு வருகிறவர்களிடம் எங்கள் கேட்டருகே நின்று ஒவ்வொரு முறையும் அதே கதையைச் சொல்வார். "நான் மட்டும் அந்த நேரத்துக்கு இந்த வூட்டாண்ட வந்து குரல் கொடுக்கலன்னா, இந்த அம்மாவோட வூட்டுக்காரர் இன்னிக்கு இல்ல. பெருமாளே என்னை அனுப்பினாரு" என்பார். சொல்லும்போது அவர் கண் கலங்கும்.

தூக்கச் சொல்லிக் குரல் கொடுத்ததே அவர்தான் என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது. சொல்லிவிடலாமா என்று முதல் வருஷம் என் வீட்டுக்காரர் கேட்டார். அவர் ஓடி வந்து பிடித்த காலும் உங்களுடையதுதானே என்றேன்.

இப்போதும் யாராவது என் முன்னால் வந்து நின்று, உங்களால்தான் நல்லது நடந்தது என்றோ உங்களால்தான் கெட்டது நடந்தது என்றோ சொன்னால், எனக்குத் தெரியாத பாதிக் கதை ஒன்று கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, பேசாமல் போய் அரிசிப் படியைத்தான் எடுக்கத் தோன்றுகிறது.