ஓம் ஞானம்

நொர்வேயில் எங்கள் ரொம்சோஸ் குடியிருப்பில் ஞானரட்ணம் என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. "ஓம் ஞானம்" என்றால் வீட்டைக் காட்டுவார்கள். எதைக் கேட்டாலும் ஆமாம் என்பதற்கு எங்கள் ஊர்ச் சொல்லான ஓம் என்பார். வந்த புதிதில், வடகோடியில் இருக்கும் பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலையில் மொழி தெரியாமல் மீன் வெட்டிய காலத்தில் ஒட்டிக்கொண்ட பழக்கம் என்பார் மனைவி இந்திரா. இப்படிப்பட்ட மனிதர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். ஆனாலும் அவருடைய கட்டடத்தின் மேல்மாடிக்கு வீடு மாறியபோது சாமான் தூக்க நானும் அவரைத்தான் கூப்பிட்டேன்.

2005இல் ஞானம் மலைக்குள் சுரங்கப்பாதை தோண்டும் வேலையில் இருந்தார். அந்த மாரிக் குளிரில் கூரைப் பாறை கழன்று விழுந்து ஓலே என்ற தொழிலாளி இறந்துபோனான். அன்று காலை ஞானத்தோடு கோப்பி குடித்தவன்.

அதற்குப் பிறகு, "போட்டு வாறன்" என்று விடைபெற்று ஞானம் வேலைக்குக் கிளம்பும்போது இந்திரா பதில் சொல்வதில்லை. வேலையை விடுங்கோ என்றால் அதற்கும் ஓம் என்பார், விடிந்ததும் போய்விடுவார்.

தொழிலாளர்கள் ஒரு பாதுகாப்புப் பிரதிநிதியைத் தெரிவுசெய்ய வேண்டியிருந்தது. ஆபத்தென்று கண்டால் வேலையை நிறுத்தும் அதிகாரம் அவருக்கு உண்டு. மேலிடத்தோடு முட்டுப்பட ஒருவருக்கும் விருப்பமில்லை. ஞானத்தைக் கேட்டார்கள். வேறென்ன சொல்வார்? நொர்வேஜிய மொழியில் அந்தப் பதவியின் பெயர் வார்னஓம்பூட். பெயருக்குள்ளேயே ஓம் இருக்கிறது என்று நாங்கள் சிரித்தோம்.

இந்திரா சிரிக்கவில்லை. "இல்லையெண்டு சொல்லுறதுதானே அண்ணை அந்த வேலை. இந்த மனிசன்ரை வாயிலை அது வராதே," என்று என்னிடம் அழுதார். எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

அடுத்த மாசியில் ஒருநாள், வெடி வைத்த இடத்தில் கூரையிலிருந்து சிறுகற்கள் உதிர்ந்தபடி இருந்தன. வேலை ஏற்கெனவே பிந்தியிருந்தது. மேற்பார்வையாளர் ஞானத்தின் தோளில் தட்டி, "கொஞ்ச நேரம்தான். உள்ளே போகலாம்தானே?" என்று கேட்டார். கேட்கும்போதே பாதி திரும்பி நடந்துவிட்டார். பதில்தான் ஊருக்கே தெரியுமே.

"நெய்," என்றார் ஞானம்.

நொர்வேஜிய மொழியில் இல்லை என்பதற்கு அதுதான் சொல். மேற்பார்வையாளர் கத்தினார். ஆனாலும் ஞானம் ஆட்கள் அத்தனை பேரையும் வெளியே கூட்டிவந்துவிட்டார். பின்னேரம் கூரை இடிந்து விழுந்தது. கீழே ஒருவரும் இல்லை. அன்று எல்லோரும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார்கள்.

மறுநாள் காலை நான் படியிறங்கும்போது ஞானம் வாசலில் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தார். வழமைபோல, "போட்டு வாறன்" என்றார்.

உள்ளேயிருந்து இந்திராவின் குரல் கேட்டது.

"ஓம். போட்டு வாங்கோ."