பென்சில் கோட்டு உயரம்

என் அக்கா ஆயுசெல்லாம் சீருடை தைத்தே மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டவள். தையலை விட்ட பிறகாவது சும்மா இருந்தாளா? மண்பாண்டம் வனையும் வகுப்புக்குப் போனாள். ஒருநாள், வீட்டுப் பின்னறையிலேயே சக்கரமும் சின்ன மின்சூளையும் வைக்கப்போவதாக அறிவித்தாள். ஆசை யாரை விட்டது!

மண் பிசையும் மேஜைக்குத்தான் பெரிய சண்டை. பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற அத்தானுக்குக் கிரானைட் மேல் கண்.

"துடைச்சா பளிச்சுனு இருக்கும்."

அக்கா ஒரு பிடி ஈரமண்ணைச் சமையல் மேடைக் கல்லில் அறைந்தாள். "எங்க, எடுங்க பாப்போம்."

அத்தான் எடுத்தார். பாதி மண் கல்லோடு நின்றுவிட்டது.

"வழவழன்னு இருந்தா தண்ணிய இழுக்காது, மண்ணு ஒட்டிக்கும். இது கூடத் தெரியல, பேச வந்துட்டாரு."

கடைசியில் மரப்பலகை, அதன்மேல் இழுத்துக் கட்டிய முரட்டு கான்வாஸ் துணி என்று முடிவாயிற்று. துணிக்கு அவளே ஓரம் அடித்தாள்.

அடுத்தது உயரம். மணிக்கட்டு போனவளால் மண் பிசைய முடியாது. பிசைவது அத்தான் வேலை. பிசைகிறவர் கையைத் தொங்கவிட்டால் முஷ்டி எங்கே நிற்கிறதோ அதுதான் மேஜை உயரமாம். கூடினால் உடம்பு பாரம் மண்ணில் இறங்காது, குறைந்தால் இடுப்பு போய்விடும். அத்தானைச் சுவரோரம் நிற்கவைத்துப் பென்சிலால் கோடு போட்டாள். அவர் பனைமரம், இவள் அவர் தோளுக்கும் கீழே.

"இது மேஜையா, மொட்டை மாடியா?" என்றேன்.

"இத்தனை வருஷம் ஸ்டியரிங்ல வளைஞ்ச இடுப்புடி. இனியாவது நிமிந்து நின்னு வேலை செய்யட்டும்."

பலகை வருவதற்குள் அத்தான் போய்விட்டார். காலையில் டீ கேட்டவர், அக்கா டம்ளரோடு வந்தபோது இல்லை.

அப்புறம் ஒருநாள் தச்சர் வந்தார். "என்ன உயரம் வைக்கட்டும்மா?"

அக்கா சுவர்க்கோட்டைக் காட்டினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "போனவருக்கு யாராவது மேஜை செய்வாங்களாக்கா? உன் உயரத்துக்குப் போடு."

அவள் காதில் வாங்கவே இல்லை.

மணிக்கட்டில் துணியைச் சுற்றிக்கொண்டு அந்த மேஜையில் அவளே பிசைந்தாள். நான் பிசைகிறேன் என்றால் விடவில்லை. காலடியில் ஒரு பலகைத் துண்டைப் போட்டு ஏறி நின்று வழுக்கி விழப் பார்த்தாள். பாரம் இறங்கவில்லை. சரியாகப் பிசையாத மண்ணில் செய்த கோப்பைகள் சூளையில் வெடித்தன. மறுபடி செய்தாள், மறுபடி வெடித்தன. சில்லுகளைப் பொறுக்கியபடி, "தச்சரைக் கூப்பிடு," என்றாள்.

தச்சர் மேஜையைக் கவிழ்த்துப் போட்டுக் கால்களை அறுத்தார். கையகலத்தில் நாலு கட்டைகள் விழுந்தன. ரம்பம் ஓடியவரை அக்கா ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேஜையை நிமிர்த்தியதும் அதன் பக்கத்தில் போய் நின்று கையைத் தொங்கவிட்டாள். முஷ்டி கச்சிதமாகக் கான்வாஸில் பட்டது.

"சரியா இருக்காம்மா?"

"சரியா இருக்குங்க," என்று சொல்லி அவரை அனுப்பிவைத்தாள். கதவைச் சாத்திவிட்டுத் திரும்பியவள், அத்தான் போன அன்றுகூட அழாதவள், என் தோளில் முகம் புதைத்து உடைந்துபோனாள்.

"இனிமே இதுல அவர் நின்னா இடுப்பு வலிக்கும்டி."