அவள் கடிகாரத்து எண்கள்

என் மனைவிக்கு வெள்ளெழுத்து வந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். நாற்பதை நெருங்குகிற வயது. எதைக் கொடுத்தாலும் கையை நீட்டி, தள்ளிப் பிடித்துத்தான் பார்ப்பாள். மாத்திரை அட்டை, கரண்ட் பில், செல்போன் எல்லாம் ஒரு முழத்துக்கு அப்பால். "கண்ணாடி போட்டா கிழவி ஆயிடுவியா?" என்று கேட்பேன். "நான் கிழவின்னா நீங்க யாருங்க?" என்பாள். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

ஓசூர் தொழிற்பேட்டையில் எங்கள் இருவருக்கும் வேலை, வேறு வேறு கம்பெனி. நான் வண்டி மீட்டர்களுக்கான சர்க்யூட் போர்டு செய்கிற இடத்தில் டெஸ்டிங் பிரிவில் இருக்கிறேன். அவள் இன்னொரு கம்பெனியில், போர்டுகளில் ஈயம் வைத்து ஒட்டிய சால்டரிங் ஒழுங்காக இருக்கிறதா என்று லென்ஸ் வழியாகப் பார்த்து, நல்லது கெட்டது பிரிக்கிறவள். அவள் கண்ணைத் தாண்டி ஒரு கெட்ட போர்டு வெளியே போகாது என்று அவளுடைய சூப்பர்வைசரே சொல்லித் திரிவார். அப்படிப்பட்டவளுக்குப் போர்டின் ஓரத்தில் இருக்கிற கோளாறுகள் தப்ப ஆரம்பித்தன. பேக்கிங்குக்கு மாற்றினார்கள். அங்கே தரையில் கிடந்த பேலட்டில் இடறி விழுந்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்டு வந்தாள். பேலட் என்ன குண்டூசியா? ஒரு ஆள் படுக்கிற அளவுக்கு மரப்பலகை. எனக்குக் கோபம் வந்தது. எனக்கு எதற்குத்தான் கோபம் வராது. "எங்க பாத்துட்டு நடக்கற?" என்று கத்தினேன். மருந்து போட்டுக்கொண்டே கத்தினேன்.

அந்தச் சமயத்தில்தான் அந்த ஸ்மார்ட்வாட்ச் வந்தது. என்னோடு டெஸ்டிங்கில் இருக்கிற குப்பம் பக்கத்து நண்பர் ஒருவர் வாங்கி, விளையாடி முடித்துவிட்டு என்னிடம் தள்ளிவிட்டார். மற்ற வாட்ச்சுகளில் கம்பெனிக்காரன் என்ன வைத்தானோ அதுதான். இதில் உள்ளே ஓடுகிற ப்ரோக்ராமை, அதாவது ஃபர்ம்வேரை, யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம், திருத்தலாம், திரும்ப ஏற்றலாம். எல்லாம் திறந்து கிடக்கிறது. "உனக்கு வேணும்ங்கற மாதிரி செஞ்சுக்கப்பா, ஒருத்தனும் கேக்க மாட்டான்" என்றார்.

கம்பெனியில் எங்களுக்கு ஃபர்ம்வேர் என்றால் யாரோ அனுப்புவார்கள், நாங்கள் ஏற்றி, ஓடுகிறதா என்று பார்ப்போம். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்க உரிமை கிடையாது. இங்கே முழுசும் என் லேப்டாப்பில் இருந்தது. திருத்தியதை வாட்ச்சுக்குப் புரிகிற மாதிரி மாற்ற, அதாவது பில்ட் செய்ய, முதல் முறை முயன்றபோது திரை முழுக்க எர்ரர். தலைகீழாக நின்று பார்த்தேன். ஒன்றைச் சரிசெய்தால் இரண்டு முளைத்தது. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பாடு ஆறிப்போய்க் கிடக்க, பில்ட் முழுதாக முடிந்தது. போனிலிருந்து புளூடூத் வழியாக ஏற்றினேன். வாட்ச் அணைந்து, எரிந்து, நான் வைத்த எண்களோடு கண்ணைத் திறந்தது.

எண்களை எவ்வளவு பெரிதாக்க முடியுமோ அவ்வளவு பெரிதாக்கியிருந்தேன். வெள்ளெழுத்துக்காரிக்கு வேறென்ன வேண்டும்? திரையின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை நான்கே எண்கள். அத்தனை பெரிய எண்களின் படங்களுக்கு அந்தச் சின்ன மெமரியில் இடம் போதாமல், நடைக்கணக்கு, பாட்டு, விளையாட்டு என்று ஒவ்வொன்றாகத் தூக்கி எறிந்தேன். அவள் கையில் கட்டிவிட்டு, தீபாவளிச் சேலை எடுத்துக் கொடுத்தவன் மாதிரி நின்றேன்.

அவள் கையை நீட்டினாள். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைத்தாள். "பாதிதாங்க தெரியுது" என்றாள்.

"எந்தப் பாதி?"

"எங்க பாக்கறனோ அந்தப் பாதி."

எனக்கு வந்ததே ஆத்திரம். இவ்வளவு மெனக்கெட்டுச் செய்தவனிடம் இப்படி ஒரு பதிலா? இரண்டு நாள் நான் அவளிடம் சரியாகப் பேசவில்லை. ஆனால் அந்தப் பதில் என்னை விடவில்லை. டெஸ்டிங்கில் இருக்கிறவன் மூளை அது, கோளாறு எங்கே என்று தேடிக்கொண்டேதான் இருக்கும். மூன்றாம் நாள் சாப்பிடும்போது, தட்டுக்குப் பக்கத்திலேயே இருந்த தண்ணீர் டம்ளரை அவள் கையால் துழாவினாள். மறுநாளே லீவு போட்டேன்.

பெங்களூரில் ஒரு கண் டாக்டரிடம் போனோம். ஒரு கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கச் சொல்லி, அங்கங்கே ஒளிப்புள்ளி காட்டி, தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். வெளியே உட்கார்ந்திருந்த எனக்கு அந்தப் பொத்தான் சத்தம் கேட்டது. ரொம்ப நேரத்துக்கு ஒரு முறைதான் கேட்டது. டாக்டர் கன்னடத்தில் பேசினார். அவள் கர்நாடக எல்லையை ஒட்டிய தளிக்காரி, கன்னடமும் தமிழும் அவளுக்கு ஒன்றுதான். நான் மத்தூர்க்காரன், இத்தனை வருஷம் ஓசூரில் இருந்தும் அரைகுறைதான். டாக்டர் பேசப் பேச அவள் தலையாட்டிக்கொண்டிருந்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு என் பக்கம் திரும்பி, பக்கத்து வீட்டுச் சேதி சொல்கிற மாதிரி சொன்னாள்.

"குழாய் வழியா பாக்கற மாதிரி பாக்கறனாம். ஓரத்துல இருந்து கொஞ்சம் கொஞ்சமா உள்ளார வருமாம். எங்க நிக்கும்னு சொல்ல முடியாதாம். மருந்து இல்லையாம். எங்க அப்பனும் ஆத்தாளும் சொந்தத்துல கட்டுனவங்களான்னு கேக்கறார். ஆமாங்கன்னேன்."

எதையும் தள்ளிப் பிடித்துப் பார்த்தது அதனால்தான். தள்ளிப் பிடித்தால் பொருள் சின்னதாகும், அந்தக் குழாய்க்குள் முழுசாக அடங்கும். நான் எண்களைப் பெரிதாக்கி, அவளுக்கு மிச்சமிருந்த பார்வையை விட்டு வெளியே தள்ளியிருக்கிறேன். பஸ்ஸில் திரும்பும்போது அத்திப்பள்ளி தாண்டுகிற வரை டாக்டர் கொடுத்த காகிதத்தையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள்தான், "பசிக்குதுங்களா?" என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு எண்களைச் சிறிதாக்க ஆரம்பித்தேன். திரை முழுக்கக் கறுப்பு, நட்டநடுவில் வெள்ளையில் நான்கு எண்கள், வேறு ஒரு புள்ளி கிடையாது. முதல் நாள் கட்டிவிட்டதும் கையை நீட்டிப் பார்த்து, "அஞ்சு இருபது" என்றாள். சிரித்தாள். மறுபடி பார்த்து, "அஞ்சு இருபத்தொண்ணு" என்றாள். அன்று வீட்டில் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை மணி சொல்லப்பட்டது. எனக்கு இருந்த சந்தோஷத்துக்கு நானும் ஒவ்வொரு முறையும் "அப்படியா?" என்று கேட்டுக்கொண்டேன்.

சில மாதம் கழித்து, "கொஞ்சம் வெளிய போகுதுங்க" என்பாள். நான் எழுத்தளவை இன்னும் குறைத்து, பில்ட் செய்து, ஏற்றித் தருவேன். மறுபடி சில மாதம். டாக்டர் கொடுத்த காகிதத்தில் இருந்த கறுப்பும் வெள்ளையும் எனக்கு ஒன்றும் புரியாது. ஆனால் அந்த ஃபர்ம்வேர் ஃபைலில் எழுத்தளவு என்று ஒரு எண் இருக்கிறதே, அது எனக்கு நன்றாகப் புரியும். என் பெண்டாட்டியின் பார்வை எவ்வளவு மீதி என்று அதில் நானே என் கையால் அடித்துக் குறைத்துக்கொண்டு வந்தேன். எண்கள் சிறுக்கச் சிறுக்க மெமரியில் இடம் காலியாகும். இவ்வளவு மிச்சம் என்று ஒவ்வொரு பில்ட் முடிவிலும் லேப்டாப் காட்டும். அதைப் பார்க்கவே எனக்குப் பிடிக்காது.

அவள் வேலையை விட்டாள். தளியிலிருந்து அவள் அண்ணன் மூட்டை மூட்டையாகக் கேரட் அனுப்பினார். "கண்ணுக்கு நல்லது" என்று அவர் சொல்ல, அவளும் பச்சையாகவே கடித்துத் தின்றாள். "முயலுக்கு வாக்கப்பட்டேன்னு ஊருல சொல்லப்போறாங்க" என்று கேலி செய்தாள். அவள் கேலி செய்கிற நாட்களில் எனக்குத் தைரியமாக இருக்கும்.

ஒருநாள் நான் மெல்ல ஆரம்பித்தேன். "ஏம்மா, இதுல அதிர்வு மோட்டார் இருக்குது. மணிக்கு மணி அத்தனை தடவை அதிர்ற மாதிரி வெச்சுத் தரட்டுமா? பாக்கவே வேணாம்."

அவள் முகம் சுண்டிப்போனது. "அது கண்ணு தெரியாதவங்களுக்குங்க. எனக்குத்தான் தெரியுதே."

"இல்ல, சும்மா ஒரு இதுக்கு..."

"வேணாங்க. பாத்துத் தெரிஞ்சுக்கறது வேற."

நான் லேப்டாப்பை மூடினேன்.

போன மழைக்காலத்தில் ஒரு காலை. முந்தின நாள் அவள் மறுபடி "வெளிய போகுது" என்று சொல்லியிருந்தாள். இதற்கு மேல் குறைத்தால் எனக்கே படிக்க முடியாத அளவு. குறைத்தேன். ஷிஃப்ட்டுக்குக் கிளம்புகிற அவசரத்தில் ஏற்றினேன். இந்த வாட்ச்சில் புதிதாக ஏற்றினால் மணி பூஜ்யத்தில் ஆரம்பிக்கும். போனிலிருந்து சரியான நேரத்தை அனுப்ப வேண்டும். எப்போதும் அனுப்பிவிட்டுத்தான் கட்டிவிடுவேன். அன்று குக்கர் கத்தியது, அடுப்பை அணைக்க ஓடினேன், திரும்பி வந்து அப்படியே அவள் கையில் கட்டிவிட்டேன்.

"பாரு, எப்படி இருக்குது?"

அவள் கையை நீட்டினாள். எப்போதும் போல் தலையை மெல்ல இந்தப் பக்கம் அந்தப் பக்கம் அசைத்து நிறுத்தினாள். "ஏழு நாப்பது" என்றாள். "பளிச்சுனு இருக்குதுங்க. போன தடவையவிட இதுதான் சரி."

எனக்கு அப்பாடா என்று இருந்தது. பட்டையைச் சரிசெய்யக் குனிந்தபோதுதான் திரையைப் பார்த்தேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். நள்ளிரவு பன்னிரண்டு மணி தாண்டி மூன்று நிமிஷம் என்று காட்டியது.

சுவர்க்கடிகாரத்தில் ஏழு நாற்பது. அது அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. பக்கத்து வீட்டு ரேடியோவில் பெங்களூர்ப் பெண் ஒருத்தி கன்னடத்தில் மணி சொல்லிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போயிருந்தாள். அதுவரை எனக்கு அது வெறும் சத்தம். அவளுக்கு அப்படி இல்லை.

எத்தனை நாளாக? போன முறை ஏற்றியதையும் இப்படித்தான் நன்றாக இருக்கிறது என்றாளா? அதற்கு முந்தினதையும்? அவள் கையை நான் பிடித்துக்கொண்டே நின்றேன். அவள் முகத்தில் ஒரு பயம் இருந்தது, நான் நம்பினேனா என்கிற பயம். எனக்கு அழுகை வந்தது. சத்தம் வராமல் பார்த்துக்கொண்டேன்.

"என்னங்க பண்றீங்க?"

"பட்டை லூசா இருக்குது. இறுக்கறேன்."

இன்னொரு கையால் போனை எடுத்து நேரத்தை அனுப்பினேன். வாட்ச் ஏழு நாற்பத்திரண்டுக்கு வந்தது.

"அடுத்த தடவை இன்னும் ஒரு சுத்து சின்னதாக்கிக் குடுங்க. இப்பவே வேணாம், மெதுவா" என்றாள்.

"செஞ்சு தர்றேன்" என்றேன்.

பஸ்ஸில் முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டு போனேன். பக்கத்தில் உட்கார்ந்தவர் தூசி விழுந்துவிட்டதா என்று கேட்டார், ஆமாம் என்றேன். அன்று டெஸ்டிங்கில் நல்ல போர்டுகளையும் ரிஜெக்ட் செய்து, வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி உட்கார்ந்தேன். சொன்னபடி எண்களை இன்னும் சிறிதாக்கினேன். மெமரியில்தான் இடம் கொட்டிக் கிடந்ததே. அதில் மணிக்கு மணி அதிர்கிற இன்னொன்றையும் சேர்த்தேன். நேரத்தை மறக்காமல் அனுப்பி, கட்டிவிட்டேன். நன்றாகத் தெரிகிறது என்றாள்.

சாயங்காலம் ஏழு மணிக்கு அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். வாட்ச் அதிர்ந்தது. கையை நிறுத்தினாள். அது ஏழு முறை அதிர்ந்து முடிகிற வரை அப்படியே இருந்தாள்.

"என்னங்க இது, இப்படி உறுமுது?"

"அது ஒரு கோளாறும்மா. எப்படியோ உள்ள பூந்துடுச்சு. எவ்வளவோ பாத்தேன், எடுக்க முடியல."

ஒரு வெங்காயத்தை உரித்து முடித்தாள். "இருந்துட்டுப் போகட்டும்" என்றாள். "அதுக்காக நீங்க மெனக்கெடாதீங்க."

எட்டு மணிக்கு நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். வாட்ச் அதிர்ந்து ஓய்ந்தது. அவள் இடது கையை நீட்டி, தலையை மெல்ல அசைத்து, திரையைப் பார்த்தாள். "மணி எட்டுங்க" என்றாள்.