பதினெட்டாம் மாடியில் சாம்பிராணி

ரமணிக்கு ஐம்பத்தொரு வயது. இத்தனை வயதில் பிறை நகரத் தொழிற்சாலையில் லாக்கர் இருந்தது, சொந்தமாகக் கார் இருந்தது, பேங்கில் கணக்கும் இருந்தது. தன் வீடு என்று சொல்ல மட்டும் ஒன்று இருந்ததில்லை.

அதற்காக அவளைப் பாவம் என்று யாரும் உச்சுக்கொட்ட வேண்டாம். அப்பா, அம்மா போனபின் செபராங் ஜெயாவில் அண்ணன் கார்த்திகேசுவும் அண்ணி புஷ்பவள்ளியும் அவளைத் தங்களோடு வைத்துக்கொண்டார்கள். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. கல்யாணம் தட்டிப்போனபோது ரமணியைவிட அண்ணிதான் அதிகம் அழுதாள். எந்த ஷிப்ட் முடிந்து வந்தாலும் மேசையில் சோறு மூடியிருக்கும். அந்த நன்றி ரமணியின் நெஞ்சில் நிறையவே இருந்தது.

ஆனால் நன்றியோடு இருப்பதிலும் ஒரு களைப்பு உண்டு. அடுத்தவர் வீட்டில் இருந்தவர்களுக்கு அது தெரியும். டிவி சத்தத்தைக் கூட்டக் கை போகாது. பசித்தால் ஐஸ்பெட்டியைச் சத்தமில்லாமல் திறக்கத் தோன்றும். அவளை அப்படி இருக்கும்படி யாரும் சொல்லவில்லை. அவளாகவே இருந்தாள்.

ஆப்பரேட்டராகச் சேர்ந்த கம்பெனியிலேயே மேனேஜராகி, கடல் தாண்டித் தீவுப் பக்கத்து அலுவலகத்துக்கு மாற்றல் கிடைத்தபோது, கடற்பாலத்து நெரிசல் தாங்காது, அங்கேயே வீடு பார்க்கப் போகிறேன் என்று ஊருக்கெல்லாம் சொன்னாள். அது ஒரு சாக்கு. தீவில், தஞ்சோங் தோக்கோங்கில் கடலைப் பார்த்தபடி நிற்கும் கொண்டோ அடுக்குமாடிகளைக் காரை மெதுவாக ஓட்டிப் பார்ப்பது அவளுக்குப் பல வருஷப் பழக்கம்.

“அங்க வாடகைக்கா? அந்தக் காசுல இங்க சொந்த வீட்டுக்கே லோன் கட்டலாம்லா,” என்றார் அண்ணன்.

“வாங்குறது அப்புறம்ணே. மொதல்ல இருந்து பாக்குறேன்.”

கையில் காசு இருந்தால் போதும் என்றுதான் நினைத்திருந்தாள். போனில் தன் இந்தியப் பெயரைச் சொன்னதும் சில ஏஜெண்டுகளின் குரல் இறங்கிவிடும். வீடு நேற்றே போய்விட்டது என்பார்கள். போன வீடு அடுத்த வாரமும் விளம்பரத்தில் இருக்கும். ரமணி வீம்புக்கென்றே இன்னும் தேடினாள்.

அப்படிக் கிடைத்தவர்தான் ஆசியா பீவி. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் துணி வியாபாரம் செய்த குடும்பம். கணவர் இறந்தபின் ஆறாம் மாடியில் தான் இருந்துகொண்டு, அதே கட்டடத்தின் பதினெட்டாம் மாடி வீட்டை வாடகைக்கு விட்டார். பெயரைக் கேட்டார், ஊரைக் கேட்டார், தேத்தண்ணி கொடுத்தார். “வீட்டச் சுத்தமா வெச்சுக்கங்க, அது போதும்,” என்றார். லிஃப்டில் இறங்கும்போது ரமணிக்குக் கண் கலங்கிவிட்டது. தன்னால் இந்த மனுஷிக்கு ஒரு சின்ன வருத்தம்கூட வந்துவிடக் கூடாது என்று நினைத்துக்கொண்டாள். வினையே அங்கேதான் தொடங்கியது.

பால் காய்ச்சாமல் எப்படிக் குடிபோவது? விளக்கு, சாமி படம், சாம்பிராணி எல்லாம் வேண்டாமா? ஆனால் கூடத்துச் சுவரில் ஆசியா பீவி மாட்டிய திருக்குர்ஆன் வசனம் இருக்கிறதே. அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டு, அவர் தயங்கிவிட்டால்? அலைந்து திரிந்து கிடைத்த வீடு கையை விட்டுப் போய்விடும். ரமணி வாயே திறக்கவில்லை. சாமி படங்களைத் துணிப்பெட்டிக்குள் வைத்து, கள்ளக்கடத்தல் செய்பவள் மாதிரி லிஃப்டில் ஏற்றினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை நல்ல நேரத்தில் அண்ணி பாலை மின்னடுப்பில் ஏற்றினாள். அண்ணன் தூபக்காலில் கரியை ஊதிக் கனிய வைத்தார்.

“வாசம் வெளிய போனா அந்தம்மா என்ன நெனப்பாங்களோ,” என்றாள் அண்ணி.

பால்கனிக் கதவைச் சாத்தினார்கள். ஜன்னல்களைச் சாத்தினார்கள். வாசல் கதவுக்கு அடியில் ஈரத் துண்டைச் சொருகினார்கள். இவ்வளவும் செய்துவிட்டு, அண்ணி திருவிழாவுக்குப் போடுவது போல ஒரு கை சாம்பிராணியை அள்ளிப் போட்டாள். வெளியே போக வழியில்லாத புகை மேலே ஏறியது. கூரையில் இருந்த புகை எச்சரிக்கைக் கருவி தன் வேலையைச் செய்தது. மொத்தக் கட்டடமும் அலறியது.

அண்ணன் அடுப்பை அணைத்து, கரியில் தண்ணீரை ஊற்றினார். மூவரும் படியிறங்கி ஓடினார்கள்.

கார் நிறுத்தும் இடத்தில் எல்லோரும் கூடியிருந்தார்கள். பைஜாமாவோடு ஒரு வெள்ளைக்காரர், தலையில் ஷாம்பு நுரையோடு ஒரு சீனப் பெண், நாயை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஒரு கிழவர். நடுவில் பட்டுப்புடவையும் விபூதியுமாக இவர்கள். குற்றவாளியைத் தேட வேண்டிய சிரமமே யாருக்கும் இல்லை.

“என்னாலதான் ரமணி. மொத நாளே உன்ன அனுப்பிருவாங்களே,” என்று அண்ணி விம்மினாள்.

சைரன் சற்று ஓய்ந்த நேரத்தில் ஆசியா பீவி முக்காட்டைச் சரிசெய்தபடி அவர்களிடம் வந்தார். மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். “சாம்பிராணியா?”

ரமணி தலை குனிந்தபடி எல்லாவற்றையும் சொன்னாள், ஈரத் துண்டு உட்பட.

“சன்னலச் சாத்திட்டு யாராச்சும் சாம்பிராணி போடுவாகளா? நானே வெள்ளிக்கிழமை போடுறேன், பால்கனிய நல்லாத் தொறந்து வெச்சு. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லம்மா?”

“நீங்க வேணாம்னுட்டா வீடு போயிருமேன்னு பயந்துட்டேம்மா.”

ஆசியா பீவி அவளை உற்றுப் பார்த்தார். பதில் சொல்வதற்குள் கட்டட நிர்வாகி ஹைக்கல் வியர்த்து வழிய ஓடிவந்தார். “பதினெட்டாம் மாடி உங்க வீடுதானம்மா? இதுக்கு நீங்கதான் பதில் சொல்லணும்.”

வழக்கம்போல ரமணி ஓர் அடி பின்னால் நகர்ந்தாள். வழக்கம்போல அவளுக்காகப் பேச அண்ணன் முன்னால் வந்தார். ஆசியா பீவி அண்ணனைக் கையமர்த்திவிட்டு, ரமணியின் கையைப் பிடித்து இழுத்து முன்னால் நிறுத்தினார்.

“நான் வாடக வாங்குறவ, அவ்வளவுதான். வீட்டுக்காரி இவங்க. இவங்களக் கேளு தம்பி.”

ஹைக்கல் ரமணியின் பக்கம் திரும்பினார். சைரன் மறுபடி அலறத் தொடங்கியது.

“என் வீடுங்க,” என்றாள் ரமணி. “தப்பு எங்களோடதுதான்.”

அவர் காதருகே கை வைத்து, கேட்கவில்லை என்று தலையாட்டினார்.

“என் வீடு!” என்று ரமணி கத்தினாள். மன்னிப்புக் கேட்க வேண்டிய இடத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. ஆசியா பீவியின் கையை அவள் விடவே இல்லை.