பவுடர் போட்டு வந்த கீரிப்பூச்சி

அன்னவாசல் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் லேப் டெக்னீஷியனாக இருந்து, போன வருடம்தான் ரிட்டயர் ஆனேன். சளி, ரத்தம், மலம் எல்லாம் பார்த்துச் சலிக்காத எனக்கே பிரஷர் ஏற்றியது ஒரு கீரிப்பூச்சி விவகாரம்.

ஒரு நாள் காலையில் தனியார் நர்சரி பள்ளி வேன் ஒன்று எங்கள் வாசலில் வந்து நின்றது. யு.கே.ஜி. பிள்ளைகள், அவர்களுடைய அம்மாக்கள், முன் சீட்டில் ஹெட்மிஸ்ட்ரஸ். பிள்ளைகள் தலையில் எண்ணெய், முகத்தில் பவுடர், நெற்றியில் விபூதி என்று கல்யாண வீட்டுக்குக் கிளம்பியது மாதிரி வந்திருந்தார்கள். காவ்யா மட்டும் கசங்கிய கவுனோடு, தூக்கக் கலக்கத்தில் நின்றாள். அவள் அம்மா செல்வி கல்குவாரி வேலைக்குப் போகிறவர். பள்ளியிலிருந்து போன் வந்ததும் படுக்கையிலிருந்து அப்படியே பிள்ளையைத் தூக்கி வந்துவிட்டார்.

"கிளாஸ் பூரா சொறியுது மேடம். எல்லாம் இந்தக் காவ்யாகிட்ட இருந்துதான். டெஸ்ட் பண்ணி எழுதிக் குடுங்க, ஸ்கூல விட்டு நிப்பாட்டிடுறேன்" என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ்.

"நிப்பாட்டினா இவள வீட்டுல வச்சுக்கிட்டு நான் எப்புடிங்க வேலைக்குப் போறது? சோத்துக்கு என்ன பண்றது?" என்று செல்வி கேட்டதை யாரும் காதில் வாங்கவில்லை.

குடலில் இருக்கும் இந்தக் கீரிப்பூச்சி ராத்திரியில் வெளியே வந்து ஆசனவாயைச் சுற்றி முட்டை போடும். அரிக்கும், பிள்ளை சொறியும். முட்டை நகத்துக்குள் புகுந்து, அங்கிருந்து வாய், பென்சில், போர்வை, பக்கத்துப் பிள்ளையின் முறுக்கு என்று ஊர் சுற்றும். டெஸ்ட் சுலபம். காலையில் எழுந்ததும் அந்த இடத்தில் செலோ டேப்பை ஒட்டி எடுத்து, ஸ்லைடில் வைத்துப் பார்க்க வேண்டும். குளித்துவிட்டால் முட்டையும் தண்ணீரோடு போய்விடும்.

ஆகவே காவ்யாவுக்கு மட்டும் பாசிட்டிவ்.

"நான்தான் சொன்னேன்ல!" ஹெட்மிஸ்ட்ரஸுக்கு லாட்டரி விழுந்த சந்தோஷம்.

"மத்த பிள்ளைங்க குளிச்சிட்டு வந்திருக்குங்க. நாளைக்குக் குளிக்காம கூட்டிட்டு வாங்க" என்றேன்.

"ஆஸ்பத்திரிக்குக் குளிக்காமயா? பாக்குறவங்க என்ன நெனப்பாங்க!" என்று பொங்கினார் ஓர் அம்மா. "எங்க வீட்டுல டைல்ஸ் போட்டிருக்கோம்ங்க, பூச்சி எப்படி வரும்?" என்றார் இன்னொருவர். டைல்ஸைப் பார்த்ததும் பூச்சி வெளியிலேயே நின்றுவிடும் போலிருக்கிறது.

டாக்டர் வந்து ஒரு வழி சொன்னார். டேப்பும் ஸ்லைடும் கொடுத்துவிடுவது, அவர்கள் வீட்டிலேயே எடுத்து, பேர் எழுதி அனுப்புவது.

மறுநாள் வேன் டிரைவர் ஒரு பையை நீட்டினார். ஒரு ஸ்லைடிலும் பேர் இல்லை. பேர் எழுதக் கொடுத்த ஸ்டிக்கரையே உரித்திருந்தார்கள். பேர் இல்லாத சாம்பிளைத் தூக்கிப் போடு என்பதுதான் லேபில் முதல் பாடம். நான் போடவில்லை, வீம்புக்கென்றே பார்த்தேன். அத்தனையிலும் முட்டை!

விஷயம் தெரிந்து ஹெட்மிஸ்ட்ரஸ் வந்தார். ரொம்ப யோசித்து ஒரு தீர்ப்பும் சொன்னார்.

"எது யாரோடதுன்னு தெரியலையே. அதனால பேர் தெரிஞ்ச பிள்ளைய மட்டும் நிப்பாட்டிடுவோம்."

எனக்கு வந்த கோபத்துக்கு மைக்ரோஸ்கோப்பைத் தூக்கியிருப்பேன். அரசாங்கச் சொத்து என்பதால் விட்டேன். என்ன முடிவாகுமோ என்று வந்து கதவோரம் நின்ற செல்விக்குக் கண் கலங்கிவிட்டது. "மறைக்காம வந்தது தப்பாங்க?" என்றார்.

"யாரையும் நிப்பாட்ட வேணாம்" என்றார் டாக்டர். "எல்லாப் பிள்ளைங்க வீட்டுலயும் எல்லாரும் ஒரே நாள்ல மாத்திரை போடணும். ரெண்டு வாரம் கழிச்சு இன்னொரு தடவ. நகத்த வெட்டுங்க, கைய சோப்புப் போட்டுக் கழுவுங்க, போர்வையத் தொவைங்க. காலையில குளிக்க வைங்க, அது நல்லதுதான்."

"அதெப்படி சார், பேரன்ட்ஸ் ஒத்துக்கணுமே..." என்று இழுத்த ஹெட்மிஸ்ட்ரஸ் நாற்காலியில் இங்கிட்டும் அங்கிட்டும் நெளிந்தார். வந்ததிலிருந்தே நெளிந்துகொண்டுதான் இருந்தார். நான் ஒரு புது ஸ்லைடையும் டேப்பையும் எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"பேர் எழுத வேணாம் மேடம்" என்றேன்.

அன்று சாயங்காலமே எல்லார் வீட்டுக்கும் மாத்திரை போனது. மறுநாள் காவ்யா வகுப்பில் இருந்தாள், செல்வி வேலைக்குப் போனார்.

லேபுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளே, பேர் இல்லாத சாம்பிளைத் தூக்கிப் போடுங்கள், அதுதான் சட்டம். ஆனால் ஊரே சொறிந்துகொண்டிருக்கும்போது ஒரே ஒரு பிள்ளையின் பேரை மட்டும் எழுதித் தரச் சொன்னால், பேனாவை மூடி வையுங்கள்.